மெதுவான நெட் வேற, அரைகுறை நெட் வேற

2015 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் ஊழியர்களுக்கு ‘2ஜி செவ்வாய்’ கொண்டுவந்தது. விருப்பப்பட்டவர்கள் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் ஃபேஸ்புக்கை ஓட்டிப் பார்க்கலாம். நல்ல யோசனைதான். ஆனா அது சோதிப்பது மெதுவான நெட்டை. நம்மைப் படுத்துவது அரைகுறை நெட்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழை. சென்னீர்குப்பத்தில் கரண்ட் இல்லை. சிக்னல் வரும், போகும். ஒரு ஆப்பில் ரீசார்ஜ் செய்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து, ‘மீண்டும் முயலவும்’ என்றது. முயன்றேன். ரெண்டு தடவை பணம் போயிருந்தது. முதல் கோரிக்கை சர்வருக்குப் போய்விட்டது. பதில்தான் வழியில் தொலைந்தது.

வேகத்தை மட்டும் குறைத்துச் சோதித்தால் இந்தப் பிழை சிக்காது. லேட்டானாலும் பதில் வந்துவிடுமே! லினக்ஸின் நெட்எம் கருவியில் 5% பாக்கெட் இழப்பு வைத்தாலும், டிசிபி திரும்ப அனுப்பிச் சமாளித்துவிடும். கோரிக்கை சர்வரை எட்டியதும் இணைப்பை அறுக்கணும். அதுதான் சோதனை.

மருந்து பழசுதான்: ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண். அதே எண் மறுபடி வந்தால், சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே தரணும். இது இல்லாத ஆப் ‘மீண்டும் முயலவும்’ என்று சொல்லவே கூடாது.