முகத்தை மறைத்த படம் என்ன சொல்கிறது?

எச்.ஐ.வி. பற்றி ஒரு செய்தி வந்தால் கூடவே வரும் படம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு, ஒரு நிழலுருவம், அல்லது கட்டம் கட்டமாகக் கலைத்துவிட்ட முகம். நோக்கம் நல்லதுதான். ஆள் யார் என்று தெரியக் கூடாது. ஆனால் முகம் கலைத்த படத்தை நாம் வேறு எங்கே பார்க்கிறோம்? குற்றச் செய்திகளில். அதனால் ஆளைக் காப்பாற்றும் அதே படம், பார்ப்பவரிடம் 'இது வெளியே காட்டக் கூடாத முகம்' என்றும் சொல்லிவிடுகிறது.

அப்போ முகத்தைக் காட்டிவிட்டால் சரியாப் போச்சா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1988-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் நிக்கலஸ் நிக்ஸனின் கண்காட்சி நடந்தது. எய்ட்ஸ் நோயாளிகள் வாரம் வாரம் உருக்குலைந்து போவதைக் காட்டும் படங்களும் அதில் இருந்தன. ஆக்ட் அப் அமைப்பினர் அங்கேயே துண்டறிக்கை கொடுத்து எதிர்த்தார்கள். நோயோடு வாழ்கிறவர்கள் கோபப்படுகிறார்கள், காதலிக்கிறார்கள், போராடுகிறார்கள், அதெல்லாம் எங்கே என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

1990-ல் தெரேஸ் ஃப்ரேர் எடுத்த டேவிட் கிர்பியின் படம் இன்னும் பிரபலம். அமெரிக்காவின் ஒஹாயோவில் சாகக் கிடக்கும் மகனை அப்பா அணைத்துக்கொண்டிருக்கிறார். அது 'லைஃப்' இதழில் வந்தது. 1992-ல் பெனட்டன் துணிக் கம்பெனி அதற்கு வண்ணம் பூசி விளம்பரமாக்கியது. பெரிய சர்ச்சை, சில பத்திரிகைகள் அதைப் போட மறுத்தன. ஆனால் கிர்பியின் குடும்பம் சம்மதித்துத்தான் கொடுத்தது. மகனின் சாவை உலகம் பார்க்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தப் படத்தின் பலம் மெலிந்த முகத்தில் இல்லை, தொடுகிற அப்பாவின் கையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்த காலம் அது.

2008-ல் மேக்னம் நிறுவனத்தின் எட்டுப் புகைப்படக்காரர்கள் ஒன்பது நாடுகளில் 'ஆக்ஸஸ் டு லைஃப்' என்ற தொகுப்பைச் செய்தார்கள். இந்தியாவுக்கு வந்தவர் ஜிம் கோல்ட்பர்க். கூட்டு மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு படம், சுமார் நாலு மாசம் கழித்து இன்னொரு படம். எய்ட்ஸ்னா சாவுதான் என்ற நம்பிக்கையை உடைக்க இது உதவியது, மறுக்கவில்லை. பிழைக்காதவர்களையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் 'முன்பு, பின்பு' என்ற வடிவம் மனிதரை மருந்துக்குச் சாட்சியாக நிறுத்திவிடுகிறது. அவருக்கு வேறு கதையே இல்லையா?

மெலிந்த உடம்பைக் காட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எங்க மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. எலும்பும் தோலுமான காரைக்கால் அம்மையாரை அங்கே கையெடுத்துக் கும்பிடுகிறோம். அழகைத் துறந்து பேய் வடிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அவர். தன் பாட்டில் தன்னைப் பேய் என்று தானே சொல்லிக்கொள்கிறார். அந்த உடம்பைப் பற்றிய பேச்சு அவரிடமிருந்தே தொடங்குகிறது. எச்.ஐ.வி. படங்களில் பெரும்பாலும் இல்லாமல் போவது இதுதான்.

அதனால்தான் சுனில் குப்தா எனக்கு முக்கியமாகப் படுகிறார். டில்லியில் பிறந்தவர், 1995-ல் தொற்று இருப்பதாகத் தெரிந்தது. 1999-ல் வந்த அவருடைய 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' தொடரில் அவரே தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் லண்டன் கேளிக்கை விடுதிகளின் பகல்நேர வாசல்களையும் வைத்தார். பரிதாபம் கேட்கிற தொடர் இல்லை அது. நோயும் ஆசையும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. கிடியன் மெண்டலும் டேவிட் கியரும் நடத்திய 'த்ரூ பாசிட்டிவ் ஐஸ்' இதையே பலருக்கும் விரித்தது. பயிற்சி கொடுத்து, தொற்றோடு வாழ்கிறவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். மும்பையும் அதில் ஒரு நகரம்.

ஆனால் கேமரா கைமாறினால் எல்லாம் தீர்ந்துவிடுமா? மணவூர் மாதிரி ஊரில் யார் எந்த ரயிலில் ஏறி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பதுகூட நாலு பேருக்குத் தெரிந்துவிடும். மும்பையில் மாட்டிய படம் ஒரே நாளில் இங்கே வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீடு, வாடகை வீடு, கூலி வேலை எல்லாமே அதில் மாட்டிக்கொள்ளும். சம்மதம் இல்லாமல் ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு மனதாரக் கொடுத்த சம்மதம், பத்து வருஷம் கழித்து மகள் வளர்ந்து நிற்கும்போதும் செல்லுமா? படத்தைத் திரும்பக் கேட்கிற உரிமையும் சேர்ந்ததுதான் சம்மதம் என்பேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. பயத்தைப் போக்கக்கூடிய செய்தி இதைவிடப் பெரியது இல்லை. ஆனால் இதைப் படம் எடுக்க முடியாது. படத்துக்குக் கீழே எழுதத்தான் வேண்டும். நம்ம ஊர் விழிப்புணர்வுக் கண்காட்சிகளில் அந்த ஒரு வரிக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக, முகத்தைக் காட்டுவதா மறைப்பதா என்பதை நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. முகம் காட்ட விரும்பாத ஒருவர் தன் சாப்பாட்டு டப்பாவை, மாத்திரைப் பாட்டிலை, காலையில் தான் போட்ட கோலத்தைப் படம் எடுத்துக் கொடுக்கலாம். மறைத்த முகத்தைவிட அந்தக் கோலத்தில் அவர் நன்றாகத் தெரிவார்.