இலவசமா, கட்டற்றதா? – அலுவலக மென்பொருள் தேர்வு குறித்து

மைக்ரோசாப்ட் ஆபீசுக்கு மாற்றாக எதைப் பயன்படுத்தலாம் என்று தேடும் மாணவருக்குத் தமிழில் கிடைக்கும் அறிமுகங்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கின்றன: இது இலவசம். இது வலுவற்ற பரிந்துரை. கணினிக் கடைக்காரரே திருட்டு நகலை நிறுவித் தரும் ஊரில் விலை ஒரு காரணமே ஆகாது. அங்கே எல்லாமே இலவசம்தான்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் குழப்பம் வருகிறது. தமிழில் இலவசம், கட்டற்றது என இரு சொற்கள் இருந்தும் நாம் இரண்டையும் கலந்தே பேசுகிறோம். டபிள்யூபிஎஸ் ஆபீஸ் காசில்லாமல் கிடைக்கிறது. அதன் மூலநிரல் திறந்ததன்று. கூகுள் டாக்ஸுக்கும் காசில்லை. கோப்போ அவர்களுடைய வழங்கியில் இருக்கிறது. லிப்ரே ஆபீசின் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம்.

இந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999இல் வாங்கிய ஸ்டார் ஆபீசிலிருந்து ஓபன் ஆபீஸ் பிறந்தது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் நிரலாளர்கள் பலர் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்து, நிரலை எடுத்துக்கொண்டு தனிவழி கண்டனர். அதுவே லிப்ரே ஆபீஸ். (பழைய ஓபன் ஆபீஸ் இப்போது அப்பாச்சியிடம் உள்ளது. 2014இல் வந்த 4.1 வரிசையிலேயே அது நிற்கிறது. டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது. இன்னும் அதையே பரிந்துரைக்கும் பக்கங்களைக் கடந்துவிடுவது நல்லது.)

விலையைவிடப் பெரிய கேள்வி கோப்பு வடிவம். இதைத் தமிழருக்கு விளக்க வெளிநாட்டு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பாமினியிலும் டாம், டாப் குறியாக்கங்களிலும் தட்டச்சு செய்த ஆவணத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். எழுதியவர் இருக்கிறார், கோப்பும் இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. யூனிகோடு அந்தச் சிக்கலை எழுத்தளவில் தீர்த்தது. ஆவண அளவில் அதையொத்த முயற்சி ஓடிஎஃப். 2006இல் ஐஎஸ்ஓ தரமானது. மைக்ரோசாப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் வடிவமும் 2008இல் தரமாக ஏற்கப்பட்டது. ஆனால் அதன் விவரக்குறிப்பே 6,000 பக்கங்களைத் தாண்டியது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அத்தனை பெரிய விதித்தொகுப்பை வேறொரு மென்பொருள் முழுமையாகப் பின்பற்றுவது எளிதன்று. டாக்எக்ஸ் கோப்பு லிப்ரே ஆபீசில் சற்றுக் கலைந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பழியை மட்டும் லிப்ரே ஆபீஸ் சுமக்கிறது.

குறைகளை மறைப்பதும் தவறு. எக்செல் மேக்ரோக்கள் பல, கால்கில் அப்படியே ஓடுவதில்லை. அவற்றை நம்பித் தொழில் நடத்தும் கணக்கரிடம் "மாறிவிடுங்கள்" என்பது பொறுப்பற்ற பேச்சு. அமைப்புகள் மாறுவது இன்னும் கடினம். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்சுக்கு மாற முடிவெடுத்து, பல்லாண்டு உழைப்புக்குப் பின், 2017இல் விண்டோசுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ ஏறத்தாழ 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீசுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது.

கட்டுரையும் ஆய்வேடும் எழுதும் மாணவருக்கு இந்தத் தடைகள் பெரிதல்ல. பக்க அமைப்பு கலைவதற்குப் பல நேரம் எழுத்துருவே காரணம். காலிப்ரிக்கு ஈடான அகலம் கொண்ட கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு ஈடான லிபரேஷன் செரிஃப் ஆகியவை இருந்தால் வரிகள் பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: ரைட்டர் தமிழை ஆங்கிலத்திலிருந்து பிரித்து, சிக்கலான உரை அமைப்பு என்ற வகையில் வைக்கிறது. இரண்டுக்கும் எழுத்துருவும் அளவும் தனித்தனி. இது தெரியாதவர், ஆங்கிலத்தின் அளவை மாற்றிவிட்டுத் தமிழ் மாறவில்லையே என்று மென்பொருளைத் திட்டுவார். விருப்பங்களில் மொழிப் பகுதிக்குச் சென்று அந்த வகையை இயக்கி, தமிழுக்கு நோட்டோ போன்ற யூனிகோடு எழுத்துரு ஒன்றைத் தேர்ந்துகொண்டால் போதும். மூலக் கோப்பை ஓடிடி வடிவில் வைத்துக்கொண்டு, நெறியாளர் கேட்கும்போது டாக்எக்ஸ் படி ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம்.