நிலாவில் எந்தத் தெரு?

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'நிலவில் ஒரு நாள்'. நான் எழுதியது இப்படி: ராக்கெட்டை விட்டு இறங்கினோம். தாகம் எடுத்தது. ஒரு டீக்கடை இருந்தது. கூட வந்தவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். எனக்கு மட்டும் கொட்டாங்கச்சி. ஏன் என்று கேட்டேன். "நீ பூமியில எந்தத் தெரு?" என்றார் கடைக்காரர்.

நோட்டு திரும்பி வந்தது. கீழே சிவப்பு மையில் இரண்டே சொல். 'கற்பனை போதாது.'

பரிசு வாங்கிய கட்டுரையைப் படித்துக் காட்டினார்கள். அதில் பால் போல ஒளி, வெள்ளி மலை, பறக்கும் தேர், பட்டுடுத்திய பெண்கள். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். அந்த ஊரில் தேரை வடம் பிடித்து இழுப்பது யார், பட்டை வெளுப்பது யார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

பிறகு எம்.ஏ. தமிழ் படித்தேன். இயக்க வேலைக்கு வந்தேன். சிவப்பு மை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. மனிதர்கள் நிலாவில் வாழ்வதாக எழுதிய கதைகளைத் தேடித் தேடிப் படித்ததற்கு அதுதான் காரணம். யார் கற்பனை போதும் என்று பார்த்துவிடலாம் என்றுதான்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய லூசியன் 'உண்மைக் கதை' என்று பெயர் வைத்து அத்தனையும் பொய்யாகவே எழுதினார். சூறாவளி ஒரு கப்பலைத் தூக்கிக்கொண்டு போய் நிலாவில் போடுகிறது. அங்கே ஒரு ராஜா. சூரியனின் ராஜாவோடு அவனுக்குச் சண்டை, விடிவெள்ளியில் யார் குடியேறுவது என்று. அங்கே பெண்களே கிடையாது. ஆணின் கெண்டைக்காலிலேயே பிள்ளை பிறக்கிறது. கண்ணைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். தொலைத்துவிட்டவன் கடன் வாங்கிப் பார்க்கிறான். பணக்காரனிடமோ ஏகப்பட்ட கண் இருப்பில் இருக்கிறது! உடையிலும் அப்படித்தான். பணக்காரனுக்குக் கண்ணாடித் துணி, ஏழைக்கு வெண்கல நூல். பெண்ணே இல்லாத உலகத்தைக்கூட நினைக்க முடிந்த ஒருவரால், ஏழை இல்லாத உலகத்தை விளையாட்டுக்கும் நினைக்க முடியவில்லை. அவர் கிண்டல் செய்தார் என்பார்கள். சரி, கிண்டலாகவே இருக்கட்டும்.

கெப்ளர் வானியல் அறிஞர். அவர் எழுதிய 'கனவு' அவர் இறந்த பிறகு 1634இல்தான் அச்சானது. நிலாவிலிருந்து பார்த்தால் பூமி எப்படித் தெரியும் என்று கணக்குப் போட்டு எழுதிய முதல் கதைகளில் ஒன்று. கதைக்குள் ஒரு தாய் வருகிறாள். மூலிகை விற்கிறவள், ஆவிகளைக் கூப்பிடத் தெரிந்தவள். கெப்ளரின் சொந்தத் தாயைச் சூனியக்காரி என்று சொல்லி 1620இல் சிறையில் போட்டார்கள். மகன் வழக்காடி 1621இல் மீட்டார். நிலாவுக்குக் கணக்குப் போட்டவரின் வீட்டுக்கே அந்தப் பழி வந்தது. சூனியக்காரி என்று கிழவிகளை அடித்துக் கொல்லும் நாட்டில் இருக்கிற நமக்கு இது ஐரோப்பாவின் பழங்கதை இல்லை.

எச்.ஜி.வெல்ஸ் 1901இல் எழுதிய 'நிலாவில் முதல் மனிதர்கள்' நாவலைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய நிலாவாசிகள் எறும்பு மாதிரி நிலத்துக்குள் வாழ்கிறார்கள். ஒவ்வொருவனும் பிறக்கும்போதே இன்ன வேலைக்கு என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறான். எந்திரம் ஓட்டப் போகிறவனைச் சின்ன வயதிலேயே ஜாடிக்குள் அடைக்கிறார்கள். கை மட்டும்தான் வெளியே இருக்கும். கை வளரும், உடம்பு சூம்பும். வேலை இல்லாதவனுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள், மறுபடி தேவைப்படும்வரை. எல்லாருக்கும் மேலே வெறும் மூளையாக வீங்கிப்போன ஒரு பேரரசன்.

இதை விமர்சகர்கள் தொழிற்சாலை முதலாளித்துவத்தின் படம் என்பார்கள். இருக்கலாம். நான் படித்தபோது பார்த்தது ஊரையும் சேரியையும். பிறப்பிலேயே வேலை. வேலைக்கேற்ற உடம்பு. கை மட்டும் போதும், தலை எதற்கு என்கிற ஜாடி. அந்த ஜாடியைப் பார்த்து வெல்ஸின் பாத்திரத்துக்கு மனசு சங்கடப்படுகிறது. உடனே சமாதானமும் சொல்லிக்கொள்கிறது, பூமியில் நாம் பிள்ளைகளை நடத்துவதைவிட இது தேவலாம் என்று. இங்கேதான் வெல்ஸ் பெரிய எழுத்தாளர். சமாதானம் சொல்கிற அந்த வாயையும் சேர்த்தே காட்டிவிடுகிறார்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நிலா வாழ்க்கை பற்றிய கற்பனை வெல்ஸுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தியது. அறிவியல் புனைவின் வரலாறு எழுதுகிறவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. அதை வேதாந்தம் என்று தனி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

சாந்தோக்ய உபநிடதம், ஐந்தாம் பகுதி, பத்தாம் கண்டம். வேள்வியும் தானமும் செய்தவர்கள் இறந்ததும் புகையோடு கிளம்பி, இரவு, தேய்பிறை என்று கடந்து நிலாவுக்குப் போகிறார்கள். புண்ணியம் தீரும்வரை அங்கே இருப்பு. தீர்ந்ததும் காற்றாகி, மேகமாகி, மழையாக இறங்குகிறார்கள். நெல்லாக, எள்ளாக முளைக்கிறார்கள். அந்தச் சோற்றைத் தின்கிறவர் வழியாக மறுபடி பிறப்பு. இதுவரை கேட்டால் அழகான கதைதான். தண்ணீர் போய் வரும் பாதையை உயிருக்கும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அடுத்ததுதான் விஷயம். நல்ல நடத்தைக்காரர் பிராமண, சத்திரிய, வைசிய வயிற்றில் பிறப்பார். கெட்ட நடத்தைக்காரர் நாய் வயிற்றில், பன்றி வயிற்றில், சண்டாள வயிற்றில் பிறப்பார்.

நாய், பன்றி, சண்டாளர். ஒரே மூச்சில், ஒரே வரிசையில்.

ஆக, இந்தியாவின் மிகப் பழைய நிலாப் பயணக் கதையில் நிலா எதற்கு இருக்கிறது? சாதி ஒதுக்கும் வழியில் ஒரு காத்திருப்புக் கூடமாக இருக்கிறது. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்து, அவரவர் வண்டி வந்ததும் அவரவர் தெருவில் போய் இறங்க வேண்டும். வெல்ஸ் இதே ஏற்பாட்டைப் பார்த்துப் பயந்தார், பயத்தைக் கதையாக்கினார். உபநிடதக்காரர் அதையே நீதி என்றார். இரண்டுமே கற்பனைதான். ஆனால் ஒன்றை நாவல் என்கிறோம், இன்னொன்றைத் தத்துவம் என்கிறோம். இந்தப் பெயர் வைப்பில்தான் பார்ப்பனியம் வேலை செய்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நிலாவிலிருந்து மழையாக வந்து நெல்லாக முளைக்கிறதாமே, அந்த நெல்லை நட்டது யார்? அறுத்தது யார்? குத்திக் கொடுத்தது யார்? இவர்கள் அத்தனை பேரும் மறுபடி பிறக்க எங்கள் கை வேண்டியிருக்கிறது. கை மட்டும்.

இதற்கு மறுப்பு இந்த மண்ணிலேயே எழுந்தது. பௌத்த ஜாதகக் கதைகளில் முயல் கதை இருக்கிறது. பசித்து வந்தவனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாத முயல், தன்னையே தீயில் இட்டுக்கொள்ளத் துணிகிறது. தீ சுடவில்லை. சோதிக்க வந்த சக்கன் முயலின் உருவத்தை நிலாவில் வரைந்து வைக்கிறான். இந்த நிலாவில் யாரும் யாருக்கும் வயிறு ஒதுக்கவில்லை. பசிக்கிறவனுக்குச் சோறு போட நினைத்த ஒரு சின்ன உயிர், எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' இதழில் கதைகளையும் பண்டிகைகளையும் திருப்பிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். நிலாவையும் அப்படித் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது.

கதையை விட்டுவிட்டு நடந்ததைப் பார்ப்போம். 1968 டிசம்பர் 24. அப்போலோ 8இல் போன மூன்று அமெரிக்கர்கள் நிலாவைச் சுற்றத் தொடங்கினார்கள். நிலாவின் விளிம்புக்கு மேலே பூமி நீலமாக எழும் அந்தப் புகழ்பெற்ற படத்தை அன்றுதான் எடுத்தார்கள். மறுநாள் 25ஆம் தேதி பூமிக்குத் திரும்பக் கிளம்பினார்கள். அந்த 25ஆம் தேதி இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நெல்லுக் கூலி கூடக் கேட்டதுதான் குற்றம்.

அந்தப் படத்தில் எல்லைக் கோடு தெரியவில்லை, மனித குலம் ஒன்று என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் எதுதான் தெரியும்? குடிசை தெரியாது, தீ தெரியாது. தூரம் போனால் சமத்துவம் வந்துவிடும் என்பது கிட்டே இருந்து எரியாதவர்களின் நம்பிக்கை.

கறுப்பின மக்கள் இதை அப்போதே கேட்டார்கள். 1969 ஜூலை 15, அப்போலோ 11 கிளம்புவதற்கு முதல் நாள். மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபெர்னதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டிகளையும் அழைத்துக்கொண்டு ஏவுதளத்துக்கே போனார். போகாதே என்று தடுக்கப் போகவில்லை. போகிறவர்கள் நலமாகத் திரும்பட்டும் என்றுதான் சொன்னார். பசியைத் தீர்க்க இந்தத் திறமை ஏன் வரவில்லை என்று கேட்டார். அடுத்த ஆண்டு கில் ஸ்காட் ஹெரான் 'ஒயிட்டி ஆன் த மூன்' என்ற கவிதையில் வாடகைக்கும் மருத்துவச் செலவுக்கும் பக்கத்தில் நிலாவை வைத்தார். நிலா இலக்கியத்தில் எனக்கு இதுவும் முக்கியமான பிரதி.

நம் பக்கம்? சினிமாவைப் பாருங்கள். 1963இல் வந்த எம்.ஜி.ஆரின் 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்தார் நம்மூருக்கு வந்து பாட்டுப் பாடுகிற பெண்ணைத் தூக்கிப் போகிறார்கள். அவர்கள் ஊரில் சங்கீதம் இல்லையாம். எந்தச் சங்கீதம் என்று கேட்கக் கூடாது. பறை கேட்டு யாரும் வரவில்லை. 1967இல் டி.பி.சுந்தரம் இயக்கிய 'சாந்த் பர் சடாயி' இந்திப் படத்தில் தாரா சிங் நிலாவுக்கே போகிறார். போய், அங்கே சண்டைதான் போடுகிறார். எழுத்திலும் நான் படித்தவரை விண்கலம் இருக்கிறது, எந்திர மனிதன் இருக்கிறான், தெரு இல்லை. தெரு இல்லாத இடம் என்று ஒன்று தமிழனின் கற்பனையில் மட்டும்தான் இருக்கிறது. என் நோட்டில் தெரு வந்தது. கற்பனை போதாமல் போய்விட்டது.

2023இல் நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 23ஆம் தேதி சந்திரயான் 3 நிலாவின் தென்துருவப் பக்கம் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன். எங்கள் காலனியில் பட்டாசு வெடித்தோம். பெருமை எங்களுக்கும் உண்டு, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டோம். அதே ஆண்டு ஜூனில், அதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். தலித்துகள் உள்ளே வரக்கூடாது என்று ஊர்க்காரர்கள் நின்றதால் வந்த சீல். நிலாவில் இறங்கின இடத்துக்கு 'சிவசக்தி' என்று பெயர் வைத்தார்கள். சக்தி இங்கே பூட்டுக்குள் இருந்தாள்.

முந்தைய சந்திரயான் 2க்காக நிலா மண் செய்யத் தேவையான பாறை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைத்தது. நிலாவின் மேட்டு நிலத்துப் பாறையும் அதுவும் ஒரே வகை. இங்கேயும் அங்கேயும் மண் ஒன்றுதான் என்று அறிவியல் நிரூபித்துவிட்டது. நாளைக்கு அந்த மண்ணில் வீடு கட்டுவார்கள். கக்கூஸும் கட்டுவார்கள். அதைக் கழுவப் போகிறவர் யார் என்று ஏதாவது ஒரு கதை கேட்க வேண்டாமா?

இந்த இடத்தில் நம்மவர்களையும் குறை சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர்கள் நம்மிடம் வந்தால் "உங்க வாழ்க்கையை எழுதுங்க" என்கிறார்கள். நாமும் எழுதினோம். எழுதவேண்டியிருந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வராமல் இருந்திருந்தால் நானெல்லாம் பேனா எடுத்திருக்க மாட்டேன். ஆனால் நமக்கு வலி, அவர்களுக்குக் கற்பனை என்று பாகம் பிரித்துக் கொடுத்ததை நாம் ஏன் ஒத்துக்கொண்டோம்? அன்றைக்குக் 'கற்பனை போதாது' என்றவர்களும், இன்றைக்குக் 'கற்பனை உங்களுக்கு எதற்கு' என்கிறவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை. ரொக்கேயா 1905இல் 'சுல்தானாவின் கனவு' எழுதினார், பெண்கள் ஆளும் நாட்டை வைத்து. சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்'தான் அதை அச்சிட்டது. டு பாய்ஸ் 1920இல் 'வால்மீன்' எழுதினார். நியூயார்க்கே செத்துக் கிடக்கிறது, ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளைக்காரியும் மட்டும் மிச்சம். நிறவெறி அப்போது என்ன ஆகும் என்று கேட்கிறது கதை. அவர்களுக்கு வலி இல்லையா? வலி இருந்ததால்தான் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தார்கள்.

பாடப் புத்தகத்து நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். எங்கள் ஆயா சொன்ன நிலாவில் வடை கிடையாது. மல்லாட்டை ஆய்ந்துவிட்டு வந்து ராத்திரி வாசலில் படுத்துக்கொண்டு சொல்லும்.

"அங்க ஒருத்தி நெல்லு குத்திக்கினு கீறா பாரு. எப்பலேர்ந்து குத்துறா தெரியுமா?"

"ஏன் ஆயா நிறுத்தல?"

"கூலி அளக்க ஆளு வர்ல. வந்தா நிறுத்துவா."

எம்.ஏ. முடித்து உபநிடதம் படித்த பிறகுதான் ஆயா எதைச் சொன்னது என்று எனக்குப் பிடிபட்டது. அதற்கு எழுத்து தெரியாது. நிலாவிலிருந்து வருகிற நெல்லுக்குக் கூலி பாக்கி இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

செஞ்சிக் கோட்டைக்கு மூன்று மலை என்பார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இருப்பது செஞ்சி மட்டும். இங்கே நாலாவதாக ஒரு சின்னக் குன்றும் உண்டு. பழைய நூல்களில் அதற்குப் பெயர் சக்கிலி துர்க்கம். மலையை எண்ணும்போது பலரும் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பழைய கட்டுரையை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை சிறுகதையாக. அதே டீக்கடை. கடைக்காரர் தெருவைக் கேட்கிறார். பக்கத்தில் உலக்கையைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தி எழுந்து வருகிறாள், மொதல்ல என் கூலிய அள என்று. அதற்கு மேல் இன்னும் எழுதவில்லை.