எம்சிபி இன்ஸ்பெக்டர்: ஏஜென்ட் படிக்கும் குறிப்பை நாமும் படிக்க

"என் கிட்ஹப் கணக்கில் நிறுவனப் பெயரை மாற்று" என்று ஒரு ஏஐ ஏஜென்டிடம் சொன்னால், பெரும்பாலும் அது கிட்ஹப்பின் திரையைத் திறந்து பார்ப்பதில்லை. தனக்குக் கொடுத்திருக்கும் டூல்களின் பட்டியலைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், எந்தத் தகவலை எந்த வடிவில் அனுப்பலாம் என்கிற ஜேசன் ஸ்கீமா இருக்கும். மனிதருக்கு எழுதும் கையேட்டில் ஒரு வரி விட்டுப்போனால், படிப்பவர் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வார். ஏஜென்ட் தானே ஊகித்துக்கொண்டு கணக்கில் கைவைத்துவிடும்.

இந்தப் பட்டியலுக்குப் பொதுவான வடிவம் தந்தது, ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி. ஏஜென்டுக்குப் போய்ச்சேரும் பட்டியலை நம் கண்ணுக்கும் காட்டுகிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எம்சிபி இன்ஸ்பெக்டர். கிட்ஹப்பில் சொந்த விவரங்களைத் திருத்தும் ஏபிஐயை ஒரு சிறிய எம்சிபி சர்வரில் பொதித்து, சோதனைக் கணக்கு ஒன்றை வைத்து இதை ஓட்டிப் பார்த்தேன்.

நிறுவுவது சுலபம். நோட்.ஜேஎஸ் இருந்தால் ஒரே என்பிஎக்ஸ் கட்டளை போதும். பிரவுசரில் 6274ஆம் போர்ட்டில் திரை திறக்கும். பின்னணியில் 6277இல் ஒரு புராக்ஸி ஓடும். பழைய பட்டன் போனில் ஆங்கில எழுத்துகளில் எம்சிபிஐ, எம்சிபிபி என்று தட்டினால் வரும் எண்கள் இவை, அதனால் மறக்காது.

டூல்ஸ் பகுதியில் பட்டியலைக் கேட்டதும், எழுதிவைத்த விளக்கம் அலங்காரம் எதுவும் இல்லாமல் வந்து நிற்கிறது. ஒரு குறிப்பின் ஓட்டைகள் அங்கேதான் தெரிகின்றன. ஈமெயில் என்ற ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்ஹப்பின் இந்த ஏபிஐயில் அது பொதுப் பக்கத்தில் மற்றவர்களுக்குத் தெரியும் முகவரி. கணக்கின் முதன்மை முகவரி வேறு. அதை இந்த ஏபிஐ தொடாது. விளக்கத்தில் 'பயனரின் ஈமெயில்' என்று மட்டும் இருந்தால், "என் மெயில் ஐடி மாறிவிட்டது" என்கிறவருக்கும் ஏஜென்ட் இந்த டூலைத்தான் எடுக்கும். ஆகவே, டூல் எதைச் செய்யாது என்பதையும் விளக்கம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இந்த டூலால் பயனர்பெயரையும் மாற்ற முடியாது. அதற்கும் ஒரு வரி தேவை.

இதைவிட ஆபத்தானது அனுப்பாத ஃபீல்டு. ஒரு ஃபீல்டை விட்டுவிடுவது, காலியாக அனுப்புவது, நல் (மதிப்பு இல்லை) என்று அனுப்புவது மூன்றும் ஒன்றல்ல. 2014இல் வந்த ஜேசன் மெர்ஜ் பேட்ச் தரநிலையின்படி, விட்டுவிட்டால் பழைய மதிப்பு அப்படியே நிற்கும்; நல் அனுப்பினால் அழியும். எல்லா ஏபிஐயும் அதைப் பின்பற்றுவதில்லை. ஏஜென்டை இயக்கும் மாடல்களுக்கோ, கட்டாயமில்லாத ஃபீல்டுகளையும் நிரப்பிவிடும் பழக்கம் உண்டு. நிறுவனப் பெயரை மாற்றச் சொன்னால், கூடவே பயோவைக் காலியாக அனுப்பி, இருந்த நான்கு வரியைத் துடைத்துவிட வாய்ப்பிருக்கிறது. 'பயனர் கேட்ட ஃபீல்டுகளை மட்டும் அனுப்பு. மற்றவற்றைச் சேர்க்காதே' என்ற ஒரு வரி விளக்கத்தின் தலையிலேயே இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டரின் ஹிஸ்டரி பகுதி, போன செய்தியையும் வந்த பதிலையும் ஜேசனாகவே காட்டுவதால், ஒரு ஃபீல்டு உண்மையில் போனதா இல்லையா என்பதைக் கண்ணால் உறுதிசெய்யலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதை வைத்துக்கொள்வேன்.

2025 மார்ச் பதிப்பில் எம்சிபி, டூலின் குணத்தைச் சொல்லும் குறிப்புகளையும் சேர்த்தது. அவற்றில் டிஸ்ட்ரக்டிவ் என்பதை யாரும் குறிக்காவிட்டால் 'ஆம்' என்றே கொள்ளப்படும். 'திருத்துவதுதானே, அழிப்பதில்லையே' என்று அதை 'இல்லை' ஆக்கிவிடத் தோன்றும். செய்யக் கூடாது. பழைய மதிப்பின்மேல் புதியதை எழுதினால் பழையது போய்விடுகிறது. இருப்பதோடு சேர்க்க மட்டும் செய்யும் டூலுக்குத்தான் 'இல்லை' பொருந்தும். ஐடெம்போடென்ட் என்பதை 'ஆம்' என்று தாராளமாகக் குறிக்கலாம், ஒரே கோரிக்கை இரண்டு முறை போனாலும் விளைவு ஒன்றுதான். ஆனால் இவை வெறும் குறிப்புகள். நம்பகமில்லாத சர்வரிலிருந்து வந்தால் இவற்றை நம்பக் கூடாது என்று தரநிலையே சொல்கிறது.

இன்ஸ்பெக்டரின் பெரிய குறை, டூலுக்கு அனுப்பும் தகவலைக் கேட்கும் படிவத்தை நிரப்ப அதற்குள் மாடல் இல்லை என்பது. நிரப்புவது நாம்தான், நமக்கோ விடை முன்பே தெரியும். விளக்கத்தை ஓர் ஏஜென்ட் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதை நிஜ ஏஜென்டோடு தனியாகச் சோதிக்க வேண்டும். அப்போது முழு அதிகாரமுள்ள டோக்கனைக் கொடுக்காதீர்கள். கிட்ஹப்பில் ஃபைன் கிரெய்ண்ட் டோக்கன் எடுத்து, புரொஃபைல் அனுமதியை மட்டும் தந்தால் இந்த வேலைக்குப் போதும்.

பதிப்பு எண்ணையும் பாருங்கள். 0.14.1க்கு முந்தைய இன்ஸ்பெக்டர்களில், வெளியாள் நம் கணினியில் கட்டளைகளை ஓட்டக்கூடிய பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2025இல் அது அடைக்கப்பட்டது. பழைய பதிப்பு கணினியில் கிடந்தால் முதலில் அதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.