நடந்து போனவர்களும் காரில் போனவரும்

ஃபியட் 2800 பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீண்ட பானெட், ஆறு சிலிண்டர், 2,852 சிசி என்ஜின். 1938க்கும் 1944க்கும் இடையில் சுமார் 620 வண்டிகள்தான் செய்யப்பட்டன. இந்தத் தகவல்களெல்லாம் சரிதான். ஆனால் இத்தோடு நிறுத்திக்கொள்ளும் எழுத்து, ஷோரூமை விட்டு வெளியே வராத எழுத்து.

குடும்பத்தோடு ஊர் சுற்றச் செய்த வண்டி இல்லை இது. அரண்மனை வாசலிலும் அரசு அலுவலக வாசலிலும் நின்றது. ஊர்வலத்துக்கென்று திறந்த கூரையோடு ஒரு வடிவம், ராணுவ அதிகாரிகளுக்கென்று நீளம் குறைத்த இன்னொரு வடிவம். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஜனங்கள் பார்க்கணும், அதுதான் இதன் வேலையே.

1943 செப்டம்பர் 8 மாலை, இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்த செய்தி வானொலியில் வந்தது. மறுநாள் விடிவதற்குள் மன்னர் மூன்றாம் விட்டோரியோ இம்மானுவேல், ராணி எலேனாவுடன் ஒரு ஃபியட் 2800இல் ரோமை விட்டுக் கிளம்பிவிட்டார். பின்னாலேயே பட்டத்து இளவரசரும் பிரதமர் பதோலியோவும். ஓர்தோனா துறைமுகத்தில் போர்க்கப்பல் ஏறி பிரிந்திசி போய்ச் சேர்ந்தார்கள். பார்க்கப்படுவதற்காகச் செய்த வண்டி, யார் கண்ணிலும் படாமல் தப்பிக்க உதவியது.

மன்னர் ஜெர்மானியர்கள் கையில் சிக்கியிருந்தால் சட்டபூர்வமான அரசே இல்லாமல் போயிருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சண்டை போடுவதா, ஆயுதத்தைக் கீழே போடுவதா என்று படைகளுக்குத் தெளிவாக ஒரு உத்தரவு சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே? அது இல்லாமல்தான் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியச் சிப்பாய்கள் பிடிபட்டு ஜெர்மன் முகாம்களுக்குப் போனார்கள்.

லூயிஜி கொமென்சினி 1960இல் எடுத்த ‘துத்தி ஆ காசா’ படம் இதே செப்டம்பரில்தான் தொடங்குகிறது. மேலிடத்திலிருந்து உத்தரவு கிடைக்காத ஒரு லெஃப்டினன்ட்டாக அல்பெர்தோ சோர்தி நடித்திருப்பார். கேமரா அவரோடும் வீடு திரும்பத் துடிக்கும் சாதாரணச் சிப்பாய்களோடும்தான் அலைகிறது. படத்தின் பலமே அதுதான். பழைய கார்களைப் பற்றிய எழுத்து மன்னர் ஏறிய வண்டியைப் பார்க்கிறது, கொமென்சினி விட்டுப்போனவர்களின் கால்களைப் பார்க்கிறார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த விடியற்காலை முழுசாகத் தெரியும்.

1946 ஜூன் 2 வாக்கெடுப்பில் மன்னராட்சி போனது. வண்டிகள் போகவில்லை. குடியரசுத் தலைவர்களும் சில காலம் ஃபியட் 2800இல்தான் ஊர்வலம் வந்தார்கள். சிக்கனம் என்று சொல்லலாம். எனக்கு என்னவோ, மறதிக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் படுகிறது. அடுத்த முறை பளபளக்கும் அந்த வண்டியின் படத்தைப் பார்த்தால் பானெட்டை மட்டும் ரசித்துவிட்டுப் போகாதீர்கள். பின் சீட்டையும் ஒரு தடவை பாருங்கள்.