அடுப்பு விமர்சனம்

டொரோண்டோவில் இருக்கும் என் அக்கா பிள்ளை சென்ற ஆண்டு எனக்கு ஓர் அபூர்வமான வேலை கொடுத்தான். பத்துப் பக்க விலைப்பட்டியல் ஒன்றை அனுப்பி, "மாமா, கொல்லையில் வைத்துச் சமைக்க ஒரு காஸ் அடுப்பு வாங்கப் போகிறேன். எது நல்லது என்று படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள்தான் விமர்சகராயிற்றே!" என்று எழுதியிருந்தான். கேலிதான். ஆனாலும் மதிப்புரை எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? முழுவதையும் படித்தேன்.

அங்கே அதற்குக் 'கிரில்' என்று பெயர். இரும்புக் கம்பித் தட்டு, அதன் அடியில் வரிசையாகச் சுடர்க் குழாய்கள், மேலே கீல் வைத்த மூடி. இந்த மூடிக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1952-இல் சிகாகோ நகரத்துப் பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், கடல் மிதவைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மிதவை உருண்டையின் ஒரு பாதியை அடுப்பாகவும் மறு பாதியை மூடியாகவும் வைத்துக் கொண்டாராம். திறந்த வெளியில் காற்றோடு போராடி அலுத்துப் போனதன் விளைவு அது. அவருடையது கரி அடுப்பு. அமெரிக்கக் கொல்லைகளில் காஸ் பரவியது அதற்குப் பிறகுதான்.

பட்டியலைப் பற்றி என் அபிப்பிராயம் நல்லதாக இல்லை. நம் பத்திரிகைத் தொடர்கதைகளில் கதாநாயகியின் அழகுக்கு எத்தனை அடைமொழி உண்டோ, அத்தனையும் அங்கே துருப்பிடிக்காத எஃகுக்கு உண்டு. நடுநடுவே 'நாற்பதாயிரம் பி.டி.யு.' என்று ஓர் எண் மிரட்டுகிறது. அது ஒரு மணி நேரத்தில் அடுப்பு எவ்வளவு காஸைத் தின்னும் என்பதற்குக் கணக்கே தவிர, பதார்த்தத்துக்கு எவ்வளவு சூடு போய்ச் சேரும் என்பதற்கு அல்ல. சாப்பாட்டு ராமனின் இலையைப் பார்த்து அவன் பலத்தைச் சொல்லிவிட முடியுமா? அந்த வேகத்தில் எரித்தால் அங்கத்திய ஒன்பது கிலோ ஸிலிண்டர் பத்து மணி நேரத்தில் காலி. தட்டு எவ்வளவு அகலம், மூடி எவ்வளவு கனம், பின்னாலிருந்து காற்று அடித்தால் சுடர் என்ன ஆகும் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்குப் பட்டியலில் அரை வரிகூட இல்லை. அடுப்பின் முன்னால் நிற்கப் போகிறவர் யார் என்ற பேச்சே இல்லை. படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டு தட்டை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் எழுதி அனுப்பிவிட்டு நான் திருப்தியாக இருந்தேன். ஆடி மாதம் அவன் நேரில் வந்தபோதுதான் வினை.

எங்கள் குலதெய்வம் படவேட்டு ரேணுகாம்பாள். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சந்தவாசலில் இறங்கி மேற்கே திரும்பினால், ஜவ்வாது மலையின் காலடியில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது படவேடு. பதினாலாம் நூற்றாண்டில் சம்புவராயர்களுக்குத் தலைநகரம். இன்று வாழைத் தோட்டமும் கோயில்களும். பரசுராமன் தாயின் தலையை வெட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். கோயிலில் கொடுக்கும் விபூதி, ஜமதக்கினி முனிவர் வேள்வி செய்த இடத்து மண் என்பது ஐதீகம். ஆகவே அங்கே நெருப்புக்குத் தனி மரியாதை. எங்கள் குடும்பத்தில் ஆடி வெள்ளியன்று ஊருக்கு வெளியே, தெரிந்தவர் ஒருவரின் வாழைத் தோட்டத்து மேட்டில் பொங்கல் வைத்து, அம்மனுக்கு எடுத்துப் போவது வழக்கம். மூன்று கல், சுள்ளி விறகு, புதுப் பானை. வீட்டுக்குள் காஸ் வந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. வேண்டுதல் அடுப்பு மட்டும் மூன்று கல்லிலேயே நின்றுவிட்டது.

பானையை ஏற்றுவது அக்காவின் உரிமை. அம்மா கையிலிருந்து அவள் கைக்கு வந்தது. இப்போது அவளுக்கு எழுபத்துமூன்று. இரண்டு வருஷமாக இரைப்பு. புகைப் பக்கமே போகக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முந்தின ஆடியில் மருமகள் பொங்கல் வைத்தாள். அக்கா தூரத்தில் வேப்பமரத்தடியில், மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் யாரோடும் பேசவுமில்லை.

"இந்தத் தடவை காஸ் அடுப்பு எடுத்துப் போகலாம். அம்மாவே பொங்கல் வைக்கட்டும்" என்றான் பிள்ளை.

நான்தான் எதிர்த்தேன். சம்பிரதாயம், மண்வாசனை, விறகடுப்பின் ருசி என்று அடுக்கினேன். காஸில் பொங்கும் பொங்கல் ஓட்டல் பொங்கல் என்றேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா தம்பி, நீ உன் நாவலில் படவேட்டுப் பொங்கலை எழுதினாயே, ஞாபகமிருக்கிறதா?"

"ஏன், நன்றாயில்லையா?" அந்த அத்தியாயத்தைப் பாராட்டி எனக்கு வந்த கடிதங்கள் கொஞ்சமல்ல.

"நன்றாகத்தான் இருந்தது. வாழைத் தோப்புக்கு மேலே புகை நீலமாக எழுந்து மலையோடு கலந்தது என்று எழுதியிருந்தாய். அந்தப் புகையில் அம்மா இருமினாளே, அதை ஏன் எழுதவில்லை?"

என் நாவல்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு சரியாகவும் யாரும் எழுதவில்லை. நான் ஏன் எழுதவில்லை? எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அந்த நேரத்தில் நான் எப்போதும் ஆற்றங்கரையில் இருப்பேன். பொங்கல் ஆனதும் கூப்பிடுவார்கள்.

அன்றிரவு பழைய புத்தகங்களைப் புரட்டினேன். இந்தக் குற்றத்தை நம் முன்னோர்களும் செய்திருந்தால் எனக்குத் துணையாக இருக்குமே என்ற நப்பாசை. அது பலிக்கவில்லை. மதுரைக்கு வெளியே இடையர் சேரியில் கண்ணகி கோவலனுக்குச் சமைக்கிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவந்துவிடுகிறது. இளங்கோவடிகள் ஒன்றையும் விடவில்லை. வைக்கோலால் தீ மூட்டிக் கொடுத்த ஐயையைக்கூட அவர் மறக்கவில்லை. அரண்மனையை விட்டு வந்த துறவிக்கு அடுப்பங்கரை தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாட்டில் புதுப் பெண் ஒருத்தி புளிக்குழம்பு வைக்கிறாள். தாளிக்கும் புகை அவள் மை தீட்டிய கண்ணில் நிறைகிறது. கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் மலர்கிறது. வெகு அழகான பாட்டு. ஆனால் புகையைத் தின்றவள் ஒருத்தி, ருசியைச் சொன்னவன் ஒருவன் என்ற சங்கதியும் அதிலேயே இருக்கிறது. இவ்வளவு நாள் அது என் கண்ணில் படவில்லை. நளனை மட்டும் நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவன் ஒரு பிடி புல்லைக் கையில் எடுத்தால் தீ தானே பற்றிக்கொள்ளுமாம். தேவர்கள் கொடுத்த வரம்! சுள்ளி பொறுக்காமல், ஊதுகுழல் தொடாமல் சமைத்தவன்தான் நமக்குச் சமையலின் சக்கரவர்த்தி. அக்காவுக்கு மட்டும் வரம் கூடாதென்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன்!

புகையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் நம் நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வார்தாவில் நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தில் 'மகன் சூலா' என்று ஒரு புகையில்லா அடுப்பு உருவாயிற்று. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு 1953-இல் புகையில்லாத சமையலறைகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். 2006-இல் தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் ஏழை வீடுகளுக்கு இலவசமாகக் காஸ் அடுப்பு கொடுத்தது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கியது. அப்படியும் 2020-ஆம் ஆண்டில் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் வீட்டு அடுப்புப் புகையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. திறந்த வெளியில் புகை போய்விடுமே என்று கேட்கலாம். போகிறது. ஆனால் குனிந்து ஊதுகிறவள் முகத்தைத் தாண்டித்தான் போகிறது.

ஆக, காஸ் என்று முடிவாயிற்று. எந்த அடுப்பு? இப்போது நான் டொரோண்டோவுக்கு எழுதிய கேள்விகள் எல்லாம் என்னிடமே திரும்பி வந்தன. ஆடி மாதமோ, அம்மியே பறக்கும் காற்றுக் காலம். நல்ல வீட்டு அடுப்பு என்றால் காஸின் சூட்டில் 68 விழுக்காடாவது பாத்திரத்தில் சேர வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அது காற்றில்லாத அறைக்குள் செய்யும் சோதனை. வாழைத் தோட்டத்து மேட்டில் சுடர் படுத்துக்கொண்டுவிட்டால் பாதிகூடத் தேறாது. கல்யாண சமையல்காரர்கள் வைத்திருக்கும் பெரிய இரும்பு அடுப்பை வாடகைக்கு எடுக்கலாமென்று நான் சொன்னேன். பிள்ளை வேண்டாமென்றான். நாங்கள் எடுத்துப் போவதோ ஐந்து கிலோ ஸிலிண்டர். உள்ளே திரவமாக இருப்பது காஸாக மாற வேண்டுமானால் சூடு வேண்டும்; அதைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. பெரிய அடுப்பு வேகமாக உறிஞ்சினால் சின்ன ஸிலிண்டர் குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, சுடர் சோர்ந்துவிடும். அது போக, ஒரே இடத்தில் பாயும் முரட்டுச் சுடரில் மண்பானை விரிந்துபோகும். கடைசியில் நடுத்தர அளவில், அகலமான வளையத்தில் சிறு சிறு துவாரங்களாகச் சுடர் வரும் ஒற்றை அடுப்பை எடுத்தோம். பானைக்கு அடியில் வைக்க ஒரு கனத்த இரும்புத் தகடு. காற்றுக்கு மூன்று பக்கம் தகர மறைப்பு. ஸிலிண்டர் மறைப்புக்கு வெளியே. பிள்ளை இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். நான் வாய்க்காலை ஒட்டி ஸிலிண்டரை வைத்திருந்தேன். "மாமா, இந்த காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் வாய்க்காலில் போய்த் தேங்கும்" என்று மேட்டுக்கு நகர்த்தினான். இந்த ஒரு விஷயம் அந்தப் பத்துப் பக்கப் பட்டியலில் இருந்திருக்கலாம்.

அக்கா கோயிலிலிருந்து அகல் ஒன்றைக் கையால் மறைத்து மறைத்துக் கொண்டுவந்தாள். அதிலிருந்து குச்சியைப் பற்றவைத்துத்தான் அடுப்பை ஏற்றினாள். குமிழைத் திருகும்போது கை கொஞ்சம் நடுங்கிற்று. அவ்வளவுதான். பானையைச் சுற்றி மஞ்சள் கொத்து, மேலே வேப்பிலை. அவள் நிமிர்ந்து நின்றுகொண்டு சமைத்ததை அன்றுதான் அந்த மேட்டில் பார்த்தேன்.

உறவினர் சிலர் விறகுப் பொங்கலும் ஒன்று இருக்கட்டும் என்றார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அக்கா என்னிடம் தள்ளிவிட்டாள். "உனக்குத்தானே மண்வாசனை!" என்றாள். மூன்று கல்லை அடுக்கி, ஈரச் சுள்ளியோடு ஒன்றரை மணி நேரம் மல்லாடினேன். காற்று நான்கு பக்கமும் சுற்றியது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் புகை தேடிக்கொண்டு வந்தது. அக்காவின் பானை பொங்கி வழிந்து குலவையும் முடிந்து வெகு நேரத்துக்குப் பிறகு என்னுடையது பொங்கிற்று. என் கண் கண்ணகி கண்ணைவிடச் சிவந்திருந்தது.

பிறகு பிள்ளை இரண்டு தொன்னைகளில் பொங்கல் கொண்டுவந்து, எது விறகு, எது காஸ் என்று சொல்லச் சொன்னான். நான் நிதானமாக ருசித்து, இடது கைத் தொன்னையைக் காட்டி, "இதுதான் விறகு. சந்தேகமே இல்லை" என்றேன். அது அக்காவின் பொங்கல்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். வாய் குறுகிய பானையில், நீராவி மேலே பீறிக்கொண்டு வரும்போது புகை உள்ளே போக வழி ஏது? சுட்ட கத்தரிக்காயும் சோளக் கதிரும் வேறு விஷயம். அவை தணலிலேயே கிடந்து தோல் கருகுகின்றன, புகை நேரே ஏறுகிறது. கரித் தணலில் சுட்ட கத்தரிக்காயைக் காஸில் வாட்டியது ஜெயித்துவிடும் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. பானைப் பொங்கலுக்கு நான் கேட்ட 'விறகு ருசி' மட்டும் என் நாக்கில் இல்லை, என் நாவலில் இருந்தது. அந்த அத்தியாயத்தை அடுத்த பதிப்பில் திருத்தப் போகிறேன். பதிப்பாளர் சம்மதிப்பாரோ என்னவோ.

பிள்ளை ஊர் திரும்பிக் கொல்லைக்கு ஓர் அடுப்பு வாங்கிவிட்டான். நாற்பதாயிரம் அல்ல, அதில் பாதிதான். கனத்த வார்ப்பிரும்புத் தட்டு. படம் அனுப்பியிருக்கிறான். அவன் மனைவி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"மூடியைத் திறந்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு எழுதுடா" என்றாள்.