செல்லம்மாளின் பிணியும் அகமரபும்

சங்க அகப்பாடல்களில் ‘நோய்’ என்னும் சொல் பெரும்பாலும் காதல் துயரையே சுட்டும். பிரிவால் படர்ந்த பசலை கூட்டத்தால் நீங்கும். காமநோயைத் தந்தவளே அதற்கு மருந்து என்பது வள்ளுவர் கருத்து. உடலைப் பற்றித் தீராது நிற்கும் பிணி இடைப்படின் அன்பு யாதாகும்? இவ்வினாவிற்குப் புதுமைப்பித்தனின் (1906–1948) ‘செல்லம்மாள்’ விடை தருகின்றது.

சென்னைத் துணிக்கடையொன்றில் உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, வீடு திரும்பியபின் அடுப்பு மூட்டி, நோயுற்ற மனைவிக்குப் பணிவிடை செய்கிறார். அவள் இறந்த வேளையில் அவர் உள்ளம் சுமை இறங்கியதாகவே உணர்கின்றது. இஃது அன்பின்மையே எனப் பழனிசெட்டிபட்டியில் எம்முடன் இக்கதையைப் பயின்றோர் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தை யாம் ஏற்றிலோம். நாள்தோறும் சுமந்தவர்க்கன்றோ சுமை இறங்கிய உணர்வு தோன்றும்? செல்லம்மாளும் வெறுஞ்சுமை அல்லள். தளர்ந்த நிலையிலும் கணவற்கு உணவாக்க எழுகின்றாள்.

ஈண்டு ஒருவர் மற்றவர்க்கு மருந்தாதல் இயலவில்லை, உடனிருத்தல் இயன்றது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அங்குத் தலைவி, தலைவன் மீள்வான் என ஆற்றியிருப்பாள். பிள்ளையோ, மீளா நலத்தை அறிந்தும் ஆற்றியிருக்கின்றார். ஆதலின் இக்கதையை அகமரபின் பிறழ்ச்சி என்னாது, அதன் விரிவாகக் கொள்ளுதலே பொருந்தும்.